மூக்குக்குத் தெரிந்த சொற்கள்



காங்கேயத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கொப்பரைக் களமும் எண்ணெய் ஆலையும்தான். அங்கே தேங்காய்ப் பருப்பு வாங்க வரும் வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒன்றை எடுப்பார்; ஒடிப்பார்; ஒடிந்த இடத்தை மூக்கருகே கொண்டுபோவார். அதற்குப் பிறகுதான் விலைப் பேச்சு.

‘புளிச்ச வாடை அடிக்குதுங்க’ என்றால் சரியாகக் காயவில்லை என்று பொருள். ‘பூசண வாடை’ என்றால் ஈரத்தோடு மூட்டை கட்டிவிட்டார்கள். ‘காறல்’ என்றால் சரக்கு பழசு. ‘நெடி ஏறுது’ என்றால் கந்தகப் புகை போட்டிருக்கிறார்கள். நான்கும் கெட்ட வாடைதான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு தனிக் காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது 6 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை காய வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை வந்து, நாளாக நாளாகக் கொழுப்பை உடைக்கும். அப்போது பிரியும் அமிலங்களும் காறலுக்கு ஒரு காரணம். அவற்றில் கேப்ரோயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்று மூன்று உண்டு. மூன்றுக்கும் லத்தீனில் ஆட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பெயர் வைத்தார்கள் ஐரோப்பிய வேதியியலார். ஆட்டுக் கிடாயிடம் வீசும் மொச்சை வாடை அவர்கள் மூக்கிலும் ஏறியிருக்கிறது!

பூசண வாடையை மட்டும் லேசாக விடக்கூடாது. சில பூஞ்சைகள் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அந்தப் பருப்பை ஆட்டிய புண்ணாக்கு மாட்டுக்குப் போனால், நஞ்சின் ஒரு பங்கு பாலிலும் இறங்கும். காங்கேயம் மாட்டை வீட்டுப் பிள்ளைபோல் வளர்க்கும் ஊரில் இதை அழுத்தித்தான் சொல்ல வேண்டும்.

கொப்பரைக்கு மட்டுமல்ல; மீனுக்குக் கவிச்சி, மிளகாய் வறுத்தால் கமறல், ஊறிய வேர்வைத் துணிக்கு முடை, கெட்டுப்போன சோற்றுக்கு ஊசல் வாடை. இத்தனையும் நம் வீட்டுச் சொற்கள். வள்ளுவர் மொட்டுக்குள் அடங்கிய நறுமணத்தையே நாற்றம் என்கிறார். அது பின்னாளில் கெட்டதற்கு மட்டுமே ஆகிப்போனது. மொழியில் அப்படி நடப்பது இயல்பு. அதில் எனக்கு வருத்தமில்லை. எல்லாவற்றையும் ‘ஸ்மெல் வருது’ என்ற ஒன்றுக்குள் அடைப்பதில்தான் வருத்தம். எண்ணெயில் ஸ்மெல் வருகிறது என்று குழந்தை சொன்னால், காறலா, பூசணமா, நெடியா என்று கேளுங்கள். காறல் என்றால் பழைய எண்ணெய், மாற்றினால் போதும். பூசணம் என்றால் வாங்கிய கடையிலேயே போய்க் கேட்க வேண்டும்.