ஐம்பது வயதில் மீண்டும் மாணவியானேன்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் தாதிமை விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆசிரியர் கற்பதை எப்போது நிறுத்தலாம்? இதுதான் இன்று நமக்குத் தரப்பட்டுள்ள கேள்வி. பல்லாண்டுகளாகத் தாதிமை மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருபவள் என்ற முறையில் என் அனுபவத்தையே பதிலாகத் தருகிறேன்.

சார்ஸ் நோயால் 2003 மார்ச் 27ஆம் தேதி சிங்கப்பூரில் பள்ளிகள் மூடப்பட்டபோது, மின்வழிக் கற்றல் என்ற சொல் பலருடைய காதிலும் விழுந்தது. "ஊசி போடக் கற்பவர்களுக்குக் கணினி எதற்கு?" என்று கேட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். 2020 ஏப்ரலில் கொவிட்-19 கிருமிப் பரவலால் நாடே வீட்டுக்குள் அடைந்தபோது ஒதுங்க இடமில்லாமல் போயிற்று.

முதலில் நான் செய்தது என்ன தெரியுமா? இரண்டு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவுசெய்து இணையத்தில் ஏற்றிவிட்டேன். கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று கணினி காட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. பெரும்பாலோர் பத்து நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டீச்சர், வகுப்பில் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். காணொளியில் ஒன்றுகூடக் கேட்கவில்லையே!"

அந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது. பாடத்தைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி வைத்தேன். எப்படிச் செய்வது என்பதை என்னைவிட இருபது வயது இளைய சக ஆசிரியரிடம் கேட்டுக் கற்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அப்போது கேட்ட கேள்வி ஒன்று. ஒரு குழந்தைக்கு மணிக்கு 60 மில்லிலிட்டர் திரவம் ஏற்ற வேண்டும். குழந்தைகளுக்கான நுண்துளிக் குழாயில் 1 மில்லிலிட்டருக்கு 60 துளி. எனவே நிமிடத்திற்கு 60 துளி விழ வேண்டும். ஆனால் சிலர் 20 என்று எழுதியிருந்தார்கள். பெரியவர்களுக்கான குழாயின் கணக்கைப் போட்டுவிட்டார்கள். பார்வைக்குச் சரியான விடைபோலத்தான் தெரியும். குழந்தைக்கோ மூன்றில் ஒரு பங்கு திரவம்தான் போய்ச் சேரும்!

அப்படி எழுதியவர்களில் ஒருவர், வகுப்பில் "புரிகிறதா?" என்றால் எப்போதும் தலையாட்டுபவர். சில மாதங்களில் வார்டுக்குப் போகவிருந்தவர். இத்தனை ஆண்டுகளில் இப்படி எத்தனை தலையாட்டல்களை நம்பினேனோ என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அவரோடு தனியாக அமர்ந்து, கணினி வழியாகவே, கணக்கை முதலிலிருந்து போட்டோம்.

கேள்வி கேட்பது மாணவரைச் சோதிக்க மட்டுமன்று. ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

அதற்காகக் கணினியே போதும் என்று நான் சொல்லவில்லை. இதயம் நின்றுபோன ஒருவரின் நெஞ்சை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும். இந்த எண்களைத் திரையில் படிக்கலாம். அந்த அழுத்தத்தைக் கைதான் கற்க வேண்டும். அதற்கு உதவுவது, 1960இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் உருவாக்கியது போன்ற பயிற்சிப் பொம்மை. வலியில் இருப்பவரின் தோளை எப்படித் தொடுவது என்பதை அந்தப் பொம்மையும் சொல்லித் தராது. அதற்கு நோயாளியின் அருகில்தான் நிற்க வேண்டும்.

இன்று விளக்கம் கேட்பதை வீட்டில் முடித்துவிட்டு வருகிறார்கள் என் மாணவர்கள். வகுப்பு நேரம் முழுவதும் கைப்பழக்கத்திற்குக் கிடைக்கிறது.

ஆக, ஆசிரியர் கற்பதை எப்போது நிறுத்தலாம்? தலையாட்டும் மாணவருக்கு உண்மையிலேயே புரிந்துவிட்டது என்று உறுதியாகத் தெரியும் நாளில் நிறுத்தலாம். எனக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை.