கணக்கு நோட்டு யார் கையில்?



சான்றிதழுக்காகக் காத்திருக்கும் சகோதரிகளே, தையலும் கம்ப்யூட்டரும் முடித்தவர்கள் ஒரு பக்கம், திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது தேறியவர்கள் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள். இதற்கெல்லாம் பட்டமளிப்பு விழாவா என்று சிலர் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, தண்ணீர் பிடித்து வைத்து, புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட்டுவிட்டு இரவு வகுப்புக்கு வந்தவர்களுக்கு இல்லாத விழா வேறு யாருக்கு?

இந்த மாதிரி மேடையில் மாணவிகளுக்குத்தான் புத்தி சொல்வது வழக்கம். நான் இன்று உங்களுக்கு வகுப்பு நடத்திய அமைப்புக்காரர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். நீங்கள் சாட்சியாக இருங்கள்.

அதற்கு முதலில் ஒரு உதாரணம். இந்த மும்பையில் நமக்குப் பக்கத்திலேயே மிலன் நகர் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களில் பலர் பைகுல்லா நடைபாதையில் குடிசை போட்டு வாழ்ந்தவர்கள். 1985இல் உச்ச நீதிமன்றம் பிழைப்புக்கான உரிமையும் வாழும் உரிமைதான் என்றது. ஆனால் முன்னறிவிப்புக் கொடுத்து நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் ஸ்பார்க் என்ற அமைப்பு ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பைகுல்லாவில் மாநகராட்சி மருந்தகத்தின் கார் ஷெட்டில் அதன் அலுவலகம். நடைபாதைப் பெண்கள் எந்த நேரமும் உள்ளே வந்து உட்காரலாம். பாடத்திட்டம் என்று எதுவும் கையில் இல்லை.

அங்கே அவர்கள் படித்த பாடங்களைக் கேளுங்கள். வீடு இடிக்க வருகிறார்கள் என்றால் முதலில் நாம் எத்தனை பேர் என்று நமக்குத் தெரிய வேண்டும். நடைபாதைக்காரர்களும் சேர்ந்து வேலை செய்ய, சுமார் 6,000 குடும்பங்களின் கணக்கு எடுக்கப்பட்டது. அடுத்து போலீஸ் ஸ்டேஷன். பிடித்துக்கொண்டு போனால் மட்டுமே பார்த்த இடத்துக்குக் கூட்டமாகத் தாங்களே போய், புகார் எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ரேஷன் கார்டு வாங்குவதையும் அப்படியே கற்றார்கள். அமைப்புக்காரர்கள் கூடப் போனார்கள். ஆனால் பேசியது அந்தப் பெண்கள்தான்.

1986இல் அவர்கள் மகிளா மிலன் என்ற பெயரில் திரண்டார்கள். அதற்குத் தோள் கொடுத்தவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த நம் தமிழர், பம்பாய்க்குத் தச்சு வேலைக்கு வந்தவர். அவர் வாழ்ந்த ஜனதா காலனியை 1976இல், அவசரநிலைக் காலத்தில், இடித்துச் சனங்களைச் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளினார்கள். 2000இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

மகிளா மிலன் சேமிப்பில் ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கலர் காகிதத் துண்டுகள். ஒவ்வொரு கலரும் ஒரு தொகை. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்ணும் பையைத் தரையில் கொட்டி, தன் பணம் எவ்வளவு என்று யார் தயவும் இல்லாமல் சொல்லிவிடுவாள். எழுத்தறிவு வரட்டும், அப்புறம் பொறுப்புத் தருகிறோம் என்று யாரும் காத்திருக்கவில்லை. பொறுப்பு முதலில் வந்தது. பிறகு அந்தப் பெண்களே தங்களுக்கு வேண்டிய வீட்டை யோசித்து, 14 அடி உயரமும் உள்ளே ஒரு பரணும் வேண்டும் என்று மாதிரி வீடு கட்டி அதிகாரிகளுக்குக் காட்டினார்கள்.

அமைப்புக்காரர்களே, இதைவிட நல்ல முதியோர் கல்வி எனக்குத் தெரியாது. 1991 வாக்கில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் கற்றதைக் கேட்டிருப்பீர்கள். அங்கேயும் அப்படித்தான், எழுத்தோடு சேர்த்து, போய்வரும் சுதந்திரமும் கிடைத்தது.

உங்கள் வேலை வகுப்போடு முடியாது. திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத, முன்பு பள்ளிக்குப் போன சான்று வேண்டியதில்லை. பதிவு ஐந்து வருஷம் செல்லும். ஒவ்வொரு பாடமாகத் தேறலாம். விதி இவ்வளவு தாராளம். ஆனால் வயதுச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாவது பெயர். பெயரையும் வயதையும் சரிசெய்ய, திருநெல்வேலிப் பக்கம் எப்போதோ விட்டு வந்த பள்ளியில் போய்க் காகிதம் கேட்க யார் இருக்கிறார்கள்? பலர் பாடம் வராமல் நிற்கவில்லை. காகிதம் கேட்கும் கவுண்டரில்தான் நிற்கிறார்கள். வக்கீலையும் வார்டு ஆபீஸையும் தெரிந்த நீங்கள் அங்கே கூட நிற்க வேண்டும். வகுப்பு நேரம் தண்ணீர் வரும் நேரத்தோடு மோதாமல் பார்க்க வேண்டும். பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். தையல் முடித்தவளுக்கு ஒரு பீசுக்கு இவ்வளவு கூலி என்று முதலாளியிடம் பேசத் தைரியமும் சங்கமும் வேண்டும். போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில் போட்டதும் அடுத்த பேட்ச் என்று போய்விடாதீர்கள்.

2009இல் வந்த மும்பை மனித வளர்ச்சி அறிக்கை, நகரத்தின் வார்டுகளில் நம் எம் கிழக்கு வார்டைத்தான் கடைசியில் வைத்தது. நம்மை எண்ண ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எண்ணுகிற கையும் நம் கையாக இருந்தால் நல்லது.

அதனால் ஒரு கோரிக்கை. அடுத்த வருஷ நிர்வாகக் குழுவில் இன்று சான்றிதழ் வாங்கும் இரண்டு பேராவது இருக்கட்டும். அமைப்பின் வரவு செலவு நோட்டு அவர்கள் கைக்கும் வரட்டும். தாய்மார்களே, நீங்களும் அது தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்த கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள்.