மூச்சடக்கமும் முத்துக்குளிப்பும்

உணவின்றி மனிதன் பல நாள் உயிர் தாங்குவான். நீரின்றிச் சில நாள் தாங்குவான். மூச்சின்றியோ சில நிமிடங்களே தாங்குவான். அந்தச் சில நிமிடங்களையே முதலாக வைத்து ஒரு பெருந்தொழிலை நடத்தி வந்தவர்கள் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் வாழ்ந்த முத்துக்குளிப்போர். கொற்கையின் முத்துச் சங்க காலத்திலேயே புகழ் பெற்றிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கடற்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, முத்தெடுப்போரையும் சுறாமீன்களை மந்திரத்தாற் கட்டுவோரையும் பற்றி எழுதிச் சென்றான். அரசர்கள் அணிந்த ஒவ்வொரு முத்துக்கும் பின்னே, யாரோ ஒருவன் அடக்கிய மூச்சு நின்றது. அவன் மூச்சை எவ்வாறு அடக்கினான், அவ்வேளையில் அவன் உடலினுள் நிகழ்ந்தவை எவை, அவற்றிலிருந்து இன்றைய இளைஞர் அறியத்தக்கது யாது என்பனவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

முதலில் முத்துச் சலாபத்தின் முறையைக் காண்போம். இலங்கையின் வடமேற்குக் கரையில், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு நேரே, கடலடியில் முத்துச் சிப்பிகள் படிந்து வளரும் பாறைத்திட்டுகள் உள்ளன. அவற்றைப் ‘பார்’ என்று கடலோடிகள் வழங்குவர். சேவல் பார், பெரிய பார், மோதரகம் பார் என்பன அவற்றுட் பெயர் பெற்றவை. பார்களின் ஆழம் பொதுவாக ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை இருக்கும். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி. சலாபம் கூறப்பட்டதும் யாழ்ப்பாணம், கீழக்கரை, தூத்துக்குடி முதலிய இடங்களிலிருந்தும், பாரசீக வளைகுடாவிலிருந்தும் கூட, ஆயிரக்கணக்கான குளியாட்கள் வந்து கூடுவர். வெறுங் கடற்கரை சில வாரங்களுக்குப் பெருநகரமாகும். சலாபம் முடிந்ததும் மீண்டும் வெறுங் கடற்கரையாகும். 1905ஆம் ஆண்டில் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபம் அவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது. பின்னர் 1925ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் சலாபங்கள் நடைபெற்றன. அதன்பின் அத்தொழில் ஓய்ந்துவிட்டது.

குளியாள் தன் காலை ஒரு கனத்த கல்லில் கட்டிய கயிற்று வளையத்தில் ஊன்றுவான். சில ஆழ்ந்த மூச்சுகளை இழுத்து விடுவான். இறுதி மூச்சை இழுத்து நிறுத்தி, விரல்களால் மூக்கைப் பற்றிக்கொள்வான். அராபியரோ கொம்பினாற் செய்த கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வர். கயிறு தளர்த்தப்பட்டதும் கல்லின் கனத்தால் அவன் விரைந்து கடலடியைச் சேர்வான். கல் உடனே மேலே இழுக்கப்படும். அவன் இரு கைகளாலும் சிப்பிகளை வாரிக் கூடையில் இடுவான். மூச்சு முட்டியதும் கயிற்றை ஒருமுறை வெட்டி இழுப்பான். படகில் நிற்பவன் அவ்வடையாளத்தை உணர்ந்து அவனை மேலே இழுத்துவிடுவான். ஒவ்வொரு கல்லுக்கும் இருவர். ஒருவன் மூழ்க மற்றவன் இளைப்பாறுவான்.

இவர்கள் நீருக்குள் ஆறு நிமிடம், ஏழு நிமிடம் இருந்ததாக எழுதிய பயணிகள் உளர். ஆயின் கையிற் கடிகாரத்தோடு நின்று பார்த்தோர் கண்டது வேறு. பெரும்பாலான மூழ்கல்கள் ஒரு நிமிட அளவினவே. ஒன்றரை நிமிடம் கடந்தவை அரியன. நாள் முழுவதும் பன்முறை மூழ்கிக் கூலி பெற வேண்டியவன், ஒரே மூழ்கலில் தன் வலிமையை எல்லாம் செலவிட மாட்டான் அன்றோ? கொரிய நாட்டின் ஜெஜு தீவில் இன்றும் கடலில் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் ஹேன்யோ மகளிரும், யப்பானின் அமா மகளிரும் இவ்வளவினையே கைக்கொள்வர். ஹேன்யோ மகளிரின் கலையை 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது.

இனி உடலினுள் நிகழ்வதைக் காண்போம். மூச்சை அடக்கியவனுக்குச் சிறிது நேரத்தில் தாங்கொணாத ஒரு தவிப்பு எழுகின்றது. பிராணவாயு குறைந்தமையால் அத்தவிப்பு எழுகின்றது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அதனை எழுப்புவது பெரும்பாலும் குருதியிற் பெருகும் கரியமிலவாயுவே. உடலின் ஒவ்வோர் அணுவும் பிராணவாயுவை உண்டு கரியமிலவாயுவைக் கழிக்கின்றது. மூச்சு ஓடும்போது அது வெளியேறுகின்றது. மூச்சு நின்றதும் குருதியில் தேங்குகின்றது. மூளையின் அடித்தண்டில் உள்ள காவல் நிலையங்கள் அதனை உணர்ந்து, ‘மூச்சை விடு’ என்று கட்டளையிடுகின்றன. கட்டளைக்குப் பணியாவிடின், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையேயுள்ள உதரவிதானம் தானே துடிக்கத் தொடங்கும். முதல் துடிப்பு எழும் வேளையில் உடலிற் பிராணவாயு இன்னும் ஓரளவு எஞ்சியிருக்கும். தவிப்பு, உயிர் போகும் முன்னர் நெடுந்தொலைவில் அடிக்கப்படும் எச்சரிக்கை மணியாகும்.

மணி அடிக்கும் அதே வேளையில், உடல் தன் சேமிப்பைக் காக்கும் ஏற்பாடுகளையும் செய்கின்றது. முகம் குளிர்ந்த நீரிற் பட்டு மூச்சும் நின்றவுடன், முகத்து நரம்பின் வழியே செய்தி சென்று இதயத் துடிப்புத் தளர்கின்றது. நிமிடத்துக்கு 70 முறை துடித்த இதயம் 50க்கும் கீழே இறங்கலாம்; நன்கு பயின்றோரிடம் அதனினும் வெகுவாகக் குறைவதுண்டு. கை கால்களுக்கும் தோலுக்கும் செல்லும் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. இதனால் பிராணவாயு தசைகளிற் செலவாகாது, மூளைக்கும் இதயத்துக்குமென ஒதுக்கப்படுகின்றது. பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைப் பூட்டி, இன்றியமையாதோர்க்கு மட்டும் அளந்து கொடுக்கும் தலைவனைப் போன்றது இச்செயல். நீர்நாய், கடற்சிங்கம், திமிங்கிலம் ஆகியவற்றிடம் இவ்வியல்பு மிக வன்மையாக உண்டு. மனிதனிடம் அதன் சாயல் உள்ளது.

மண்ணீரலும் இவ்வேளையில் உதவுகின்றது. சிவப்பணுக்கள் செறிந்த குருதியைச் சேமித்து வைத்திருக்கும் அவ்வுறுப்பு, மூச்சு அடங்கும்போது சுருங்கி, அக்குருதியைச் சுற்றோட்டத்துள் தள்ளுகின்றது. தென்கிழக்காசியக் கடல்களில் தலைமுறை தலைமுறையாக மூழ்கி மீன் பிடித்து வாழும் பஜாவு மக்களின் மண்ணீரல், அயலில் நிலத்தில் வாழும் மக்களின் மண்ணீரலைவிட ஏறத்தாழப் பாதியளவு பெரிது என்று 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. அவர்களுள் மூழ்கும் தொழில் செய்யாதோரிடமும் இப்பெருக்கம் காணப்பட்டது. ஆகவே, பயிற்சியால் மட்டுமன்றிப் பரம்பரையாலும் இவ்வியல்பு வந்து சேர்ந்துள்ளது எனக் கருதுகின்றனர்.

ஆழத்துக்கு ஏற்ப அமுக்கமும் வளர்கின்றது. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்கு. நுரையீரற் காற்றின் கனவளவு பாதி. 30 மீற்றரில் அமுக்கம் நான்மடங்கு, கனவளவு காற்பங்கு. இதனாலேயே, அதற்குச் சற்று அப்பாற் சென்றால் மனிதனின் நெஞ்சு நசுங்கிவிடும் என்று முன்னாளில் மருத்துவ அறிஞர் பலர் கருதினர். 1949ஆம் ஆண்டில் இத்தாலியரான ரைமொண்டோ புச்சர் 30 மீற்றர் ஆழம் சென்று மீண்டார். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ரொபர்ட் குரொஃப்ற் 70 மீற்றரையும் கடந்தார். அவரை ஆராய்ந்தோர், ஆழத்தில் கை கால்களின் குருதி நெஞ்சறைக்குள் பெயர்ந்து, சுருங்கிய நுரையீரல் விட்ட இடத்தை நிரப்புவதைக் கண்டனர். 1976ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஜாக் மயோல் 100 மீற்றரைத் தொட்டார். உடலின் எல்லை ஏட்டில் எழுதிய எல்லைக்கு அப்பால் இருந்தது.

இங்ஙனமாயின் பயிற்சியால் விளைவது யாது? பயின்றவனின் நெஞ்சில் புதிதாக ஒரு பெருங் காற்றுக்குடம் தோன்றிவிடுவதில்லை. அவன் கற்பது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, செலவைக் குறைத்தல். தசைகளைத் தளர்த்தி, மனத்தை அமைதியாக்கி, வேண்டாத அசைவுகளை விலக்கினால் பிராணவாயுவின் செலவு குறைகின்றது. மற்றொன்று, தவிப்போடு பழகுதல். இக்காலப் பயிற்சியாளர் தரையிற் படுத்தவாறே குறித்த நேரம் மூச்சை அடக்கி, இடையிடையே இளைப்பாறுவர். ஒரு முறையில் அடக்கும் நேரத்தை மாற்றாது இளைப்பாறும் நேரத்தைப் படிப்படியாகக் குறைப்பர்; இதனால் உடல் கரியமிலவாயுவின் பெருக்கத்துக்குப் பழகும். மற்றொரு முறையில் இளைப்பாறும் நேரத்தை மாற்றாது அடக்கும் நேரத்தைக் கூட்டுவர். இதனால் குறைந்த பிராணவாயுவுக்குப் பழகுவர். தரையில் மயங்கியவன் தானே மூச்சை மீட்டுக்கொள்வான். நீரில் மயங்கியவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் தனியே செய்யும் பயிற்சி யாவும் தரையிலேயே நிகழ்தல் வேண்டும்.

இவ்விடத்திலேதான் பேராபத்து ஒன்று மறைந்துள்ளது. நீருள் நெடுநேரம் இருக்க விரும்பும் இளைஞன், மூழ்குமுன் வேகவேகமாகப் பல மூச்சுகளை இழுத்து விடுகின்றான். அதனாற் பிராணவாயு மிகுதியாகச் சேர்கின்றது என்பது அவன் எண்ணம். நலமுள்ளவனின் குருதி இயல்பாகவே பிராணவாயுவால் ஏறத்தாழ முழுதும் நிறைந்திருக்கின்றது; மேலும் நிரப்ப அங்கே இடம் மிகச் சிறிது. ஆயின் கரியமிலவாயு மட்டும் வெகுவாக வெளியேறிவிடுகின்றது. பெட்டியிற் பணத்தைக் கூட்டாது, பணம் குறைவதை அறிவிக்கும் மணியை மட்டும் கழற்றி எறிந்தவன் போலாகின்றான் அவன். நீருள் அவனுக்குத் தவிப்பே எழுவதில்லை; இன்னும் சிறிது, இன்னும் சிறிது என்று இருக்கின்றான்; முன்னறிவிப்பு ஏதுமின்றி உணர்வை இழக்கின்றான்.

ஆழத்திலிருந்து மேலெழும்போது இவ்வாபத்து மேலும் பெருகும். 10 மீற்றர் ஆழத்தில் நுரையீரற் காற்றிற் பிராணவாயு நூற்றுக்கு எட்டுப் பங்காகக் குறைந்திருந்தாலும், அமுக்கம் இருமடங்காதலின் அது நிலத்தின் பதினாறு பங்குக்கு ஒப்பாக வேலை செய்யும். மேலே வரவர அமுக்கம் பாதியாகும். எட்டு எட்டாகவே நின்று, மூளைக்குப் போதாது போய்விடும். இறுதிச் சில அடிகளில், வெளிச்சத்தைக் கண்ட பின்னரே, பலர் மயங்குவது இக்காரணம் பற்றியே.

இச்செய்தி கடற்கரையார்க்கு மட்டும் உரியதன்று. மாத்தளை மாவட்டத்தின் லக்கலைப் பகுதியில் உள்ள பல்லேகமவைக் கருதுக. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடியிலுள்ள அவ்வூர் கடலுக்கு வெகு தொலைவானது. அங்கே ஓடும் களு கங்கை, களுத்துறையிற் கடலொடு கலக்கும் பேராறு அன்று. அம்பன் கங்கையிற் சேரும் கிளையாறு. மொறகஹகந்தைத் திட்டத்தின் ஓர் உறுப்பாக அதற்குக் குறுக்கே 60 மீற்றருக்கு மேல் உயர்ந்த அணை கட்டப்பட்டு, 2018ஆம் ஆண்டில் நீர் தேக்கப்பட்டது. வயல்களும் குடியிருப்புகளும் நீருள் அமிழ்ந்தன. மக்கள் புதிய ஊருக்குப் பெயர்ந்தனர். மேட்டு நிலத்து மக்கள் அறிந்த ஆறு, கல்லும் மணலும் கண்ணுக்குத் தெரியும் ஆறு. இன்று அவர்கள் அருகில் கிடப்பதோ முத்துப் பார்களினும் ஆழமான நீர்.

நீர்த்தேக்கங்களையும் ஆற்று மடுக்களையும் உடைய ஊர்கள் இலங்கையில் எண்ணில. அங்கெல்லாம் இளைஞர் கூடினால், யார் நெடுநேரம் மூழ்கியிருப்பார் என்ற போட்டி எழுவது இயல்பு. கடல்நீரினும் நன்னீர் உடலைக் குறைவாகவே தாங்கும். நீர் கலங்கியிருப்பின், அடியில் மயங்கிக் கிடப்பவனைக் கரையில் நிற்பவன் காணவும் இயலாது. மூழ்கியவன் வெளிவரத் தாழ்ந்தால், அவன் வெற்றி பெறுகின்றான் என்றே தோழர் ஆரவாரிப்பர். அந்த ஆரவாரத்தினிடையே ஓர் உயிர் அடங்கிவிடக்கூடும்.

முத்துக்குளிப்போர் இவ்வுடற்கூற்று நுட்பங்களை ஏட்டிற் கற்றவர்கள் அல்லர். ஆயினும் தனியே மூழ்குதல் தகாது என்பதை உறுதியாக அறிந்திருந்தனர். மேலே கயிறு பிடிப்பவன் கையிலேயே கீழிருப்பவன் உயிர் இருந்தது. ஆகையால், கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடமே கொடுப்பர் என்று பாண்டிக் கடற்கரையில் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. தன் தமக்கையோ தங்கையோ தாலியை இழக்க எவனும் மனம் ஒவ்வான். ஆகவே அவன் கண் அயரான் என்பது அதன் கருத்து. சுறாவைக் கட்டும் கடல்கட்டியின் மந்திரம் அவர்களுக்கு மனத்துணிவைக் கொடுத்தது. உயிரைக் காத்தது மைத்துனன் கையிலிருந்த கயிறு.

இன்று உலகெங்கும் மூச்சடக்கி மூழ்கும் விளையாட்டைப் பயில்வோர் கொள்ளும் முதல் விதியும் அதுவே. ஒருவர் மூழ்க, மற்றொருவர் மேலிருந்து கண் எடுக்காது நோக்குவர். மேலே வந்தபின்னும் அரை நிமிடமாவது அருகே இருப்பர். வேகமூச்சு விடுதலை அறவே தவிர்ப்பர். ஒரு மூழ்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே போதிய ஓய்வு கொள்வர். ஒருவன் மயங்கினால் உடனே நீரிலிருந்து எடுத்து, மூச்சு இல்லையேல் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க முயலல் வேண்டும். தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் கிடைத்தற்கரிய நேரத்தை வீணாக்கும் செயல்கள்.

முத்துச் சலாபங்கள் ஓய்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. சேவல் பாரின் மீது இன்று குளியாட்களின் படகுகள் வரிசையாக நிற்பதில்லை. எனினும் அவர்கள் பழகிய முறை, களு கங்கையின் கரையில் நிற்கும் சிறுவனுக்கும் பொருந்தும். அவன் நீரில் இறங்குமுன் கரையில் ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குவானாக. நின்றவரும் அவன் தலை மேலே தோன்றி, மூச்சுச் சீராகும் வரை, வேறெங்கும் நோக்காதிருப்பாராக.