திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள்



தை பிறந்ததும் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையின் இரண்டு ஓரமும் பச்சையாகிவிடும். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, பச்சைத் துண்டு. அருப்புக்கோட்டை, சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக நடந்து வருகிறார்கள். தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் உண்டு, மாசித் திருவிழாவுக்கு வருகிறவர்கள் உண்டு, வைகாசி விசாகத்துக்கென்று கொதிக்கும் வெயிலில் வருகிறவர்களும் உண்டு. இந்தப் பாதயாத்திரையைப் பக்தியின் பக்கமிருந்து பலர் பேசியிருக்கிறார்கள். நான் உடம்பின் பக்கமிருந்து பேச வந்திருக்கிறேன். நெடுந்தூரம் நடப்பது ஒரு கலை. அந்தக் கலை நம் சாலையில் எங்கே உயர்ந்து நிற்கிறது, எங்கே தேய்ந்து வருகிறது என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு, வழிகாட்டி ஒருவரோடு சில நாள் காட்டுக்குள் நடந்து, உடம்பையும் இயற்கையையும் மறுபடி சேர்த்துவைக்கும் முகாம்கள் உலகெங்கும் பெருகியிருக்கின்றன. ஜப்பானில் 1982ஆம் ஆண்டு வனத்துறையே காட்டுக் குளியல் என்று ஒரு பழக்கத்தை மக்கள் முன் வைத்தது. நம் மாநிலத்தில் 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பிடித்த தீ, மலையேறப் போன இளைஞர்கள் பலரின் உயிரைக் கொண்டுபோனது. அதன்பின் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டிகளோடு மலையேற்றத்தை முறைப்படுத்தியது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் மலை ஏறினால்தான் இயற்கை என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. நம் கரையில் உப்பளம் இருக்கிறது, ஆற்று முகம் இருக்கிறது, தேரி மணல் இருக்கிறது, கடல் இருக்கிறது. அவற்றின் நடுவே மூட்டையோடும் கட்டுப்பாட்டோடும், வழி தெரிந்த ஒரு பெரியவரின் சொல் கேட்டும் நடக்கிற வழக்கமும் இருக்கிறது.

இந்த நடை, மாலை போடுகிற அன்றே தொடங்கிவிடுகிறது. 21 நாள், 41 நாள், 48 நாள் என்று குழுவுக்குக் குழு கணக்கு வேறு. அன்று முதல் செருப்பு கிடையாது. வேலைக்கும் வெறுங்கால், கடைத்தெருவுக்கும் வெறுங்கால். முதல் வாரம் சின்னக் கல் பட்டாலே உயிர் போகும். மூன்றாவது வாரத்தில் தோல் தடித்து, எங்கே அழுத்திவைக்கலாம், எங்கே பட்டும் படாமலும் வைக்க வேண்டும் என்று கால் தானே முடிவெடுக்கும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். விறைத்த அடிப்பாகம் உள்ள காலணியில் அவற்றில் பலவற்றுக்கு வேலையே இல்லை. விரத நாட்களில் அவையெல்லாம் வேலைக்குத் திரும்புகின்றன. கூடவே சாப்பாடு எளிமையாகிறது, விடியற்காலைக் குளியல் வருகிறது, படுக்கை தரைக்கு இறங்குகிறது. பயிற்சியாளர் யாரும் அட்டவணை எழுதித் தராமலே ஒரு நெடுநடைக்கு உடம்பு பக்குவப்படுகிறது. பாதயாத்திரையில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த முன்தயாரிப்பைத்தான். பணம் கட்டிவிட்டு நேரே மலையடிவாரத்தில் போய் இறங்குகிறவருக்கு இது கிடைப்பதில்லை.

பாதைக்கு வருவோம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். அவர்கள் கரிசலில் கிளம்பியவர்கள். முத்தையாபுரம், ஸ்பிக் நகர், முள்ளக்காடு வரை ஊரும் ஆலையும் லாரியும்தான். சீக்கிரம் கடந்துவிட வேண்டிய பகுதி என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

முள்ளக்காடு தாண்டினால் உப்பளம். காற்று மாறியதை உதடு முதலில் சொல்லும். தையில் வடக்கேயிருந்து வாடை அடிக்கும். தெற்கே நடக்கிறவருக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளும். மழைக்காலத்தில் முழுகிக் கிடந்த பாத்திகளைச் சீர்திருத்தும் பருவம் அது. தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அப்படி இறுகினால்தான் உப்பில் மண் கலக்காது. வெறுங்காலோடு சாலையில் போகிற பக்தரும், பாத்தியில் மண் மிதிக்கிற தொழிலாளியும் சில அடி தூரத்தில் இருக்கிறார்கள். பக்தருக்கு அது சில வார நோன்பு. தொழிலாளிக்கு ஆயுள் முழுக்க அதுதான் பிழைப்பு, கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சமும் காலை அரிக்கும் உப்புநீரும் அதற்குக் கூலியோடு சேர்ந்து வருகின்றன. நடக்கிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்துப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பழையகாயல் வந்ததும் மண் மாறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் துறைமுகம் இதுதான் என்று பிஷப் கால்டுவெல் அடையாளம் காட்டினார். அதற்கும் முன்னால் கொற்கை. முத்துக்குப் பேர்போன அந்தத் துறைமுகம் இன்று கடலை விட்டு வெகுதூரம் உள்ளே கிடக்கிறது. பொதிகையில் பிறந்த தாமிரபரணி சுமந்து வந்து கொட்டிய வண்டல் கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. சாலையை விட்டு இரண்டடி இறங்கி நின்றால் அந்த வண்டலின் குளிர்ச்சி காலில் ஏறும். ஆற்றுப் பாலம் தாண்டி ஆத்தூரில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். அகத்தி நிழலில் கொடி படர்ந்து கிடக்கும் தோட்டத்தின் பக்கம் போனாலே வெக்கை இறங்கிவிடும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மண்ணும் நீரும் கலந்த ஈரத்தை நடக்கிறவரின் தோல் அறியும், பேருந்தில் ஜன்னலை மூடிக்கொண்டு போகிறவருக்கு அது தெரிய வழியில்லை.

ஆறுமுகநேரியில் மறுபடி உப்பு. பிறகு காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், கடல். சாத்தான்குளம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் குதிரைமொழித் தேரி. சுமார் 12,000 ஏக்கர் செம்மணல் மேடு. காற்று இடம் மாற்றிக்கொண்டே இருக்கிற மணல் அது. கெட்டித் தரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உழைப்பு கேட்கும். குதிகாலை அழுத்தினால் புதையும். பாதத்தைத் தட்டையாக வைத்து, எட்டைக் குறுக்கி நடக்க வேண்டும். தேரிக்காட்டுப் பனையேறிகளின் நடையைப் பார்த்தால் இது விளங்கும்.

இவ்வளவு வகை மண்ணையும் காற்றையும் ஒரு கூட்டம் பத்திரமாகக் கடப்பதற்கு ஓர் ஆள் பொறுப்பு. அவர்தான் குருசாமி. பல ஆண்டு நடந்து நடந்தே அந்த இடத்துக்கு வந்தவர். நல்ல குருசாமி கூட்டத்தின் முன்னால் போவதில்லை. கிழவிகளையும் குழந்தைகளையும் முன்னே விட்டு, அவர்கள் நடக்கிற வேகத்தையே எல்லோருக்கும் வேகமாக்கி, தான் கடைசியில் வருவார். யார் ஒரு காலைச் சாய்த்துவைக்கிறார்கள் என்று பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். வயிறு நிறைய உண்ண விடமாட்டார். உட்கார்ந்தால் கால் விறைத்துக்கொள்ளும் என்று நீண்ட நேரம் உட்கார விடமாட்டார். மூட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பதும் அவர் கணக்கு. மாற்றுத்துணி, ஒரு போர்வை, ஒரு டம்ளர், காலுக்குத் தேய்க்க எண்ணெய். அதற்கு மேல் எடுத்தவர் பாதி வழியில் வண்டிக்காரரைத் தேடுவார்.

ஒருவர் உயிரை இன்னொருவர் பொறுப்பில் விடும் இந்த உறவு இந்தக் கரைக்குப் புதிதல்ல. இங்கே முத்துக் குளித்த காலத்தில், கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவரின் உயிர் மேலே தோணியில் கயிறு பிடிப்பவரின் கையில் இருந்தது. கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கை வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குகிறதே. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. மூச்சடக்கிக் கடலுக்குள் போய் வந்த அந்தப் பெரிய உடற்கலை இன்று அருகிவிட்டது. கூட்டத்தின் கடைசியில் நடந்து வருகிற குருசாமியும் அதே பொறுப்பைத்தான் கையில் பிடித்திருக்கிறார்.

நடை ஒரு மதத்தாருக்கு மட்டும் உரியதும் இல்லை. 1542இல் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கரையோர ஊர்களை நடந்தே சுற்றினார். ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் நம் மீனவக் குடும்பங்களில் இன்றும் இருக்கிறார்கள்.

நடந்தவருக்கு ஊரின் துன்பமும் உடம்பு வழியாகவே தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் தவித்தார்கள். வாழை சாய்ந்தது, உப்பளம் அழிந்தது. அடுத்த மாதம் 25ஆம் தேதி தைப்பூசம், நடந்தவர்கள் அந்த அழிவின் ஊடேதான் வந்தார்கள். கடலும் சும்மா இல்லை. அண்மை ஆண்டுகளில் திருச்செந்தூர்க் கோயில் முன்னால் அலை கரையை அரித்து, கடலில் இறங்குமிடமே பள்ளமாகிப்போனதைப் பார்க்கிறோம். 2025 ஜூலையில் குடமுழுக்கு கண்ட கோயிலின் வாசல் இது. ஆண்டுதோறும் இங்கே இறங்கிக் குளிக்கிறவருக்குப் போன முறை மணல் எதுவரை இருந்தது என்று கால் சொல்லிவிடும்.

இனிக் குறைகள். இவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்கு நியாயம் இல்லை.

முதலாவது, கால் மண்ணைத் தொடுவதில்லை. தூத்துக்குடிச் சாலை முழுவதும் தார். பகலில் அது கொப்புளம் வரச் சுடும். சூட்டுக்குப் பயந்து இரவில் நடக்கிறார்கள். இரவில் லாரி வருகிறது. முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்வது உதவுகிறது, அது போதாது. பழனி வழியில் பக்தர்களுக்கென்று சாலையோரம் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். நமக்கும் வேண்டும். ஆனால் கல் பதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்லும் வெயிலில் தாரைப்போலத்தான். செம்மண்ணைக் கெட்டித்து, ஒரு பக்கம் வேம்பும் புங்கனும் வைத்தால் போதும். பகலிலும் நடக்கலாம். பழையகாயலையும் ஆத்தூரையும் இருட்டில் கடந்துவிட்டு, பார்த்தோம் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஒலிபெருக்கி இன்னொன்று. முன்னால் போகும் வண்டியில் அது ஓயாமல் அலறினால் வாடைக் காற்றின் சத்தமும் இல்லை, பக்கத்தில் வருகிறவரின் மூச்சும் இல்லை. பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. வாயால் பாடுங்கள். பாட்டோடு அடி சேரும்போது களைப்பு தள்ளிப்போகும், அந்தப் பாட்டு தொண்டையிலிருந்து வர வேண்டும். அப்புறம் வழிநெடுக மோரும் சுக்குக் காப்பியும் அன்னமும் கொடுக்கிறார்களே, அவர்களைக் கும்பிடத் தோன்றும். அந்தக் கையால் கொடுக்கிற பிளாஸ்டிக் டம்ளர்தான் வாய்க்காலிலும் உப்பளத்திலும் போய்ச் சேர்கிறது. அவரவர் மூட்டையில் இருக்கிற டம்ளரில் வாங்கிக் குடித்தால் இந்தத் தொல்லை இல்லை. பெண்களுக்கு வழியில் ஒதுங்க இடமில்லை என்பது இவை எல்லாவற்றிலும் பெரிய குறை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள். உடம்பைத் தேற்ற வேண்டிய நடை உடம்பைக் கெடுக்கிறது. ஊராட்சிகளும் கோயில் நிர்வாகமும் சேர்ந்தால் ஒரே ஆண்டில் சரிசெய்யக்கூடிய காரியம் இது.

வரும் தையில் முதல்முறை நடக்க நினைக்கும் நேயர்கள் மார்கழித் தொடக்கத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள். காலை நேரத்தில் மண் தரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில் முள் ஏறினால் தெரியாது, ஆறவும் ஆறாது. மருத்துவரைக் கேட்டு, மெத்தென்ற காலணி போட்டுக்கொண்டு நடங்கள். அதனால் விரதம் குறைந்துவிடாது. குருசாமிமாரிடம் ஒரு வேண்டுகோள். பழையகாயலிலிருந்து ஆத்தூர்ப் பாலம் வரையாவது கூட்டத்தைக் காலை வெளிச்சத்தில், ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டுக் கூட்டிப்போங்கள். பிள்ளைகளைச் சாலையிலிருந்து இறக்கி, வண்டலில் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள்.