முழமும் மீட்டரும்



ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. அவர்கள் எவற்றைக் கொண்டு அளந்தார்கள் என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கவே இங்கு வந்து நிற்கின்றோம்.

முழங்கை முதல் நடுவிரல் நுனிவரை ஒரு முழம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கையும் வீட்டுப் பாத்திரமுமே அன்று அளவுகோல்கள்.

ஆயினும், பழமையைப் போற்றும் பொருட்டு உண்மையை மறைத்தல் தகாது. மணங்கு என்னும் ஒரே அளவு சென்னையில் 25 ராத்தல். அந்நாளைய பம்பாயில் 28 ராத்தல். இரயில்வேக் கணக்கிலோ 82 ராத்தலுக்கும் மேல். படியும் ஊருக்கு ஊர் மாறிற்று. இத்தகைய குழப்பத்தில் எளிதில் ஏமாறக்கூடியவர் யார்? எழுத்தறியா ஏழையும், நம்மைப் போல் பிழைப்புத் தேடிப் புது ஊருக்கு வந்தவருமே அல்லரோ? 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் கிலோவும் மீட்டரும் லிட்டரும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இன்று தாராவியிலும் திருநெல்வேலியிலும் கிலோ ஒன்றே. இதனை நாம் மனமார வரவேற்கின்றோம்.

ஜப்பானியரும் 1959இல் ஷாகு முதலிய தம் பழைய அளவுகளை வணிகத்தினின்று நீக்கினர். எனினும், அரிசியைக் கோ என்னும் அளவாலும், அறையின் பரப்பைத் தத்தாமிப் பாய்களின் எண்ணிக்கையாலும் அவர்கள் இன்றும் குறிக்கின்றனர். சட்டம் மாறிற்று, சொல் மறையவில்லை.

நம்மிடமும் சில சொற்கள் வாழ்கின்றன. மாதுங்காப் பூக்கடையில் நம் தாய்மார்கள் மல்லிகையை முழம் என்றே கேட்கின்றனர். செம்பூர் நகைக்கடையில் தோலா என்றால், நாம் பவுன் என்கின்றோம். ஆனால் மற்றவை நழுவுகின்றன. முந்திரி என்றால் நம் பிள்ளைகள் பருப்பையே அறிவர்; 320இல் ஒரு பங்கு என்பதை அறியார். பாரதியார் பராசக்தியிடம் காணி நிலம் வேண்டிப் பாடினார். சென்னை வழக்கில் காணி என்பது 24 மனை. அதாவது 57,600 சதுர அடி. தாராவியில் நூறு சதுர அடி அறையில் வளரும் சிறுவனுக்கு அது 576 அறைகளுக்குச் சமம் என்று சொல்லிப் பாருங்கள். கவிஞர் கேட்டது எத்துணைப் பெரிய வாழ்வு என்பது அப்பொழுதுதான் அவனுக்கு விளங்கும். அளவு தெரியாதவனுக்குப் பாட்டும் பாதியே தெரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள், பரணில் கிடக்கும் படியையோ உழக்கையோ மரக்காலையோ கொண்டு வாருங்கள். தமிழ் வகுப்பில் பிள்ளைகளே தம் கையால் அரிசி அளந்து பார்க்கட்டும். கடைக்குக் கிலோ போதும். தமிழுக்குப் படியும் வேண்டும்.