கச்சான் காலத்துத் தூண்டில்

சித்திரைப் புத்தாண்டு ஓய்ந்து வைகாசி பிறக்கிற சமயத்தில் திருகோணமலையில் காற்று மாறும். மார்கழியிலும் தையிலும் வாடைக்காற்றில் குமுறிக் கிடந்த கடல் பங்குனியிலேயே அடங்கத் தொடங்கிவிடும். பிறகு மேற்கேயிருந்து, காடுகளையும் காய்ந்த வெளிகளையும் தாண்டிக் கச்சான் வரும். ஊருக்குள்ளே இருப்பவர்களுக்கு அது புழுதியும் வெக்கையும். கடற்கரைக்காரருக்கோ அதுதான் தொழில் காலம். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று என்பதால் கரையோரத்தில் பெரிய அலை எழும்பாது. விடியுமுன் வள்ளத்தைத் தள்ளி, வெயில் ஏறிக் காற்று உரக்கிறதுக்குள் திரும்பிவிட்டால் ஒரு குறையும் இல்லை.

மேற்குக் கரையில் இதே மாதங்களில் கடல் கொந்தளிக்கும். அதனால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் குடும்பம், வலை, சட்டிபானை எல்லாவற்றோடும் எங்கள் கரைக்கு வந்து வாடி போடுவார்கள். பல தலைமுறையாக நடக்கிற வருகை இது. காற்று மாறினால் அவர்களும் மாறுவார்கள்.

இந்தக் காலத்தில்தான் என் பழைய நண்பர்களும் வருவார்கள். ஒன்றாகப் படித்தவர்கள், ஒன்றாகப் பள்ளிக்கூடம் கட் அடித்துக் கடற்கரையில் தூண்டில் போட்டவர்கள். ஒருவர் இப்போது ரொறன்ரோவில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கந்தளாயில் வயலோடு. ஒருவர் மட்டும் சாம்பல்தீவுப் பக்கத்தில் இன்னும் கடல் தொழில் செய்கிறார். வருசத்துக்கு ஒருமுறை எல்லாரும் கூடி மீன் பிடிக்கப் போவது எங்கள் வழக்கம்.

நாளைக் குறிப்பவர் அந்தக் கடல் தொழிலாளி. விமான டிக்கெட்டும் அலுவலக லீவும் அவர் சொல்லுக்குக் காத்திருக்கும். ஒருநாள் இரவு வட்ஸ்அப்பில் அவருடைய குரல் வரும்: "மச்சான், கடல் நல்லாக் கிடக்கு. கீரியும் சூடையும் கரைக்கு வந்திட்டுது, பின்னால பாரை நிக்குது. வெளிக்கிடுங்கோ." அவ்வளவுதான். சின்ன மீன் எங்கே போகிறதோ அங்கே பெரிய மீன் போகும். அதைக் கண்டு சொல்ல வேறு ஆள் எங்களிடம் இல்லை.

சில வருசங்களுக்கு முன் ரொறன்ரோக்காரர் ஒரு நீளமான பையோடு வந்து இறங்கினார். உள்ளே நாலு துண்டாகக் கழற்றி வைத்த மெல்லிய கோல், தட்டையான ஒரு ரீல், மஞ்சள் நிறத்தில் தடித்த நூல், ஒரு சின்னப் பெட்டி நிறைய இறகு கட்டிய முட்கள். பிளை பிஷிங். கனடாவில் ஆற்றோரமாக நின்று பழகியிருக்கிறார். நாங்கள் அறிந்த தூண்டிலில் ஈயக்கட்டிதான் தூரத்துக்குப் பறக்கும், தங்கூசி அதன் பின்னால் போகும். இதில் எல்லாம் தலைகீழ். முனையிலே இருப்பது காற்றிலே மிதக்கக்கூடிய ஓர் இறகு, அதை எறிய முடியாது. நூலுக்குத்தான் பாரம். கோலைப் பின்னுக்கு வீசி, நூல் முழுவதும் பின்னால் விரிந்து நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னுக்கு வீச வேண்டும். அந்த ஒரு கணப் பொறுமை இல்லாவிட்டால் நூல் காலடியிலேயே குவிந்துவிடும்.

கச்சான் காற்றில் இந்த வேலை இன்னும் கடினம். காற்று முதுகுப் பக்கமாக வருவதால் முன்னுக்கு விடும்போது உதவி செய்யும். பின்னுக்கு வீசும்போது நூலை விரியவிடாமல் அமுக்கும். ஆகவே பின்வீச்சைத் தாழ்வாகவும் வேகமாகவும், முன்வீச்சை மேலே பார்த்தும் விட வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தார். கந்தளாய்க்காரர் இரண்டாம் நாளே இதைப் பிடித்துக்கொண்டார். ஏர் பிடித்த கைக்கு அந்தத் தாளம் எப்படியோ வாய்த்துவிட்டது.

இது வெள்ளைக்காரரின் விளையாட்டு என்று ஒரு பேச்சு உண்டு. நம் நாட்டில் அதற்குக் காரணமும் உண்டு. 1880களில் தேயிலைத் தோட்டத் துரைமார் இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட முயன்றார்கள். 1896இல் அங்கே மீன்பிடிக் கழகம் ஒன்றும் அமைத்தார்கள். ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த நீரில் வானவில் டிரவுட் தங்கிப் பெருகியது. மலையிலே கொழுந்து பறித்த நம் சனத்துக்கு அந்த ஓடையில் ஒரு பங்கும் இருக்கவில்லை என்பதையும் நான் சொல்லியே ஆகவேண்டும்.

ஆனால் இறகு கட்டித் தூண்டில் போடுகிற வித்தை துரைமாருக்கு மிக மூத்தது. ஏறத்தாழ 1,800 வருசங்களுக்கு முன் ஏலியன் என்ற எழுத்தாளர் மக்கதோனியாவின் ஆற்று மீனவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் கழுத்துப் பக்கத்து இறகு இரண்டைப் பொருத்தி, ஆறடிக் கோலில் ஆறடி நூல் கட்டிப் பிடித்தார்களாம். அந்த ஆற்று மீனவர்களின் யோசனை அது. எங்கள் கரையிலும் பெரியவர்கள் வெள்ளைச் சேவலின் இறகை முள்ளில் கட்டி, ஓடுகிற வள்ளத்துக்குப் பின்னால் விட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். அறக்குளாவும் பாரையும் அதை நெத்தலி என்று நம்பிப் பாயும். ரொறன்ரோக்காரரின் பெட்டியைத் திறந்து பார்த்ததும் எங்கள் கடல் தொழிலாளி சிரித்தது அதனால்தான். அடுத்த நாள் காலை வீட்டுச் சேவல் ஒன்று வாலில் இரண்டு இறகை இழந்தது.

கடல் தொழிலாளி அந்த இறகுகளைக் கட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இடது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே முள். முதலில் வலை தைக்கிற நூலால் முள்ளின் தண்டைச் சுற்றினார், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி விடாமல். பிறகு இறகுகளை உள்வளைவு ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் கட்டினார். அப்படி வைத்தால்தான் தண்ணீருக்குள் இழுக்கும்போது மீனின் உடம்பு போல ஒடுங்கும், நிறுத்தும்போது விரியும். தலைப் பக்கத்தில் சிவப்பு நூல் நாலு சுற்று. "செவுள் தெரியவேணும் மச்சான், காயப்பட்ட மீன் எண்டு நினைக்கும்," என்றார். கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கி, நூலைக் கடித்து எடுத்தார். பெட்டியில் இருந்த வெளிநாட்டு முட்களைவிட அந்த வருசம் அதிகம் மீன் எடுத்தது அதுதான்.

நாங்கள் நிற்கிற இடம் இறக்கக்கண்டிக் களப்பின் வாய்க்கருகே. களப்புத் தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது அதோடு சேர்ந்து இறாலும் குஞ்சு மீனும் இறங்கும். அதை எதிர்பார்த்துப் பெரியவை வெளியே காவல் நிற்கும். பாரை கடித்தால் கையில் கிடைக்கிற அதிர்ச்சியைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ரீல் அலறும், நூல் விரலை அறுக்கும், மீன் ஒருமுறைகூட மேலே துள்ளாமல் அடியோடு அடியாகப் பாறைப் பாருக்குள் ஓடப் பார்க்கும். பெரும்பாரை என்று நாங்கள் சொல்கிற இனம் 70 கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. எங்கள் கோலுக்கு ஐந்து கிலோவே போதும், தோள் இரண்டு நாள் நோகும்.

இந்தப் பாரையின் குஞ்சுகள் வளர்வது களப்புகளிலும் ஆற்று வாய்களிலும். பெருத்த பிறகுதான் பாரும் ஆழமும் தேடிப் போகும். கொடுவாவின் கதை இன்னும் அதிசயமானது. பிறந்து சில வருசம் ஆணாக இருக்கும், வளர்ந்து பெருத்தபின் பெண்ணாக மாறும். ஆகவே கையில் கிடைக்கிற மிகப் பெரிய கொடுவா அநேகமாக முட்டையிடுகிற தாயாகத்தான் இருக்கும். ஒரு முறை அப்படி ஒன்று கிடைத்தது. நல்ல விலை போயிருக்கும். படம் எடுக்க ரொறன்ரோக்காரர் ஃபோனைத் தேடிக்கொண்டிருக்க, மீன் விற்றுச் சாப்பிடுகிற மனிதர்தான் முள்ளைக் கழற்றி, தலையை நீரோட்டத்துப் பக்கம் திருப்பிப் பிடித்து, செவுள் சீராக அடிக்கும்வரை வைத்திருந்து நீரிலேயே விட்டுவிட்டார். பொழுதுபோக்குக்கு வந்த நாங்கள் அதைச் செய்வது ஒன்று. அவர் செய்தது வேறு.

திருகோணமலைக் கடல் ஏன் இவ்வளவு மீன் கொடுக்கிறது? உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பே சுமார் 1,630 ஹெக்டேர். அதற்குத் தெற்கே கொட்டியாரக்குடா. நாட்டின் மிக நீண்ட ஆறான மகாவலி, 335 கிலோமீட்டர் ஓடி அங்கேதான் வந்து விழுகிறது. அந்தக் குடாவிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கி ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு பக்கம் ஆற்று வண்டல், கண்டல் காடு, களப்பு. இன்னொரு பக்கம் கரைக்கு இவ்வளவு கிட்டவே ஆழ்கடல். கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே நீலத்திமிங்கிலம் தெரிகிறதற்கும் இதுதான் காரணம்.

வருசத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் போய் நிற்பதில் ஒரு பயன் இருக்கிறது. ஒரே முறை வருகிற சுற்றுலாக்காரருக்கு எல்லாம் அழகாகத் தெரியும். தினமும் போகிறவருக்கு மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும். வருசாவருசம் வருகிறவன்தான் திடுக்கிடுவான். போன முறை நின்ற கண்டல் மரம் இல்லை, போன முறை கலவாய் இருந்த கல்லில் இப்போது ஒன்றும் இல்லை என்பது அவனுக்கு உடனே படும். எங்கள் பேச்சில் பாதி இப்போது அதுதான்.

எனக்கு மிகவும் வயிற்றெரிச்சல் தருவது வெடி. டைனமைட் போட்டு மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி குற்றம். இருந்தும் எங்கள் மாவட்டத்தில் அது ஓய்ந்தபாடில்லை. வெடி அதிர்வில் மீனின் காற்றுப்பை கிழியும், நடுமுள் முறியும். மிதக்கிறதைத்தான் அள்ளுவார்கள். அடியில் தாழ்ந்து அழுகிப் போவது எவ்வளவோ. பவளப்பாறை நொறுங்கினால் அது திரும்ப வளர மனித ஆயுள் போதாது. சந்தையில் எங்கள் கடல் தொழிலாளி நண்பர் மீன் வாங்குகிற விதத்தைக் கவனித்தால் போதும். கண்ணில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு முதுகோரமாகப் பெருவிரலை அழுத்தித் தலையிலிருந்து வால்வரை ஓட்டுவார். எங்காவது முள் விட்டுக்கொடுத்தால், சதை சளசளவென்று இருந்தால், வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கடைக்காரருக்கு விளங்கிவிடும்.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே நாங்கள் தூண்டிலைக் கையிலே எடுப்பதில்லை. அப்படி ஒன்றிரண்டு இடம் மீனுக்கென்று இருந்தால்தான் மற்ற இடத்தில் எங்களுக்குக் கிடைக்கும்.

போர் நடந்தபோது கடலுக்குப் போவதற்கே பாஸ் எடுத்த காலம் இருந்தது. இரவில் போகக்கூடாது, இவ்வளவு தூரத்துக்கு மேல் போகக்கூடாது, இந்த வலுவுக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்று வருசக்கணக்காகத் தடை. எங்கள் கூட்டமும் அப்போது சிதறிக் கிடந்தது. 2002இல் போர்நிறுத்தம் வந்தபோதுதான் மறுபடியும் கூடினோம். 2004 மார்கழியில் சுனாமி வந்தது. நிலாவெளி, குச்சவெளி, மூதூர், கிண்ணியா எல்லாம் அழிந்தன. எங்களில் ஒருவர் கிண்ணியாக்காரர். அவர் அதில் போய்விட்டார்.

பிடித்த மீனைப் பங்கு போடுவதில் நாங்கள் கடல் வழக்கத்தையே வைத்திருக்கிறோம். முதலில் எண்ணெய்ச் செலவும் ஐஸ் செலவும் கழியும். பிறகு வள்ளத்துக்கு ஒரு பங்கு. மிச்சம் ஆளுக்கு ஒன்று, வராதவருக்கும் ஒன்று. கிண்ணியாக்காரரின் பங்கை அவருடைய உம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். முன்பெல்லாம் கிண்ணியாத் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும், மீன் வாடிப்போகும். 2009 ஐப்பசியில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தபிறகு ஐஸ் கரையுமுன் போய்ச் சேர்ந்துவிடுகிறோம்.

உம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, கண் இன்னும் கூர்மை. மீனை வாங்கியதும் உள்ளே கொண்டுபோக மாட்டார். திண்ணையில் வைத்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, கையிலே எடுத்து நிறை பார்ப்பார். கடந்த முறையும் பார்த்தார். பிறகு எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "போன வருசம் கொண்டு வந்த பாரை இதவிடப் பெரிசு மகன். அதுக்கு முந்தின வருசத்துப் பாரை அதவிடப் பெரிசு. கடலுக்கு என்ன நடந்த?"