வாவிக்கு ஒரு வரவு செலவு



மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்கள் எழுவான்கரை, படுவான்கரை என்பன. ஞாயிறு எழும் பக்கத்தில் கடலும் மீன்பிடியும். அது படும் பக்கத்தில் வயலும் மாடும். இவ்விரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பைப் பற்றிப் பேசுவோர் பாடும் மீன்களில் தொடங்குவது வழக்கம். இன்று மீன்களைப் பாடவிட்டு, வாவியைக் காக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, அதற்குச் சட்டம் இடும் எல்லை யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

வாவி கடலோடு கூடும் இடங்கள் இரண்டு. ஒன்று பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரம். மற்றையது தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் மணல் திரண்டு வாயை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழை பெய்து, உன்னிச்சை, நவகிரிக் குளங்கள் நிரம்பி வழியும்போது, வாவி நீர் ஏறிப் பெரும்போக வயல்களை மூடத் தொடங்குகிறது. உடனே வாயை வெட்டுங்கள் என்கிறான் கமக்காரன். காலந்தப்பி வெட்டினால் நீரோடு இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் கடலுக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறான் மீனவன். இருவர் சொல்வதும் நியாயமே. எப்பொழுது, எவ்வளவு ஆழத்துக்கு வெட்டுவது என்று தீர்மானிப்பதற்கு ஆண்டு முழுவதும் நீர்மட்டம் அளக்கவேண்டும். வண்டல் படிவதைக் கணிக்கவேண்டும். கரையோரக் கண்டற் காட்டைக் காக்கவேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு.

இங்கேதான் முதலாவது முடிச்சு. பாராளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் மூலம் வழங்கும் பணம், தை முதல் நாளில் தொடங்கி மார்கழி 31 இல் முடியும் நிதியாண்டுக்கு உரியது. செலவாகாத தொகை அன்றோடு காலாவதியாகும். நமது வெள்ளமோ கார்த்திகையில் தொடங்கித் தைவரை நீடிப்பது. வாவிக்கு அதிக கவனம் வேண்டிய வாரங்களிலேயே ஒரு கணக்கு மூடப்பட்டு மற்றொரு கணக்குத் திறக்கப்படுகிறது. அவசரத்துக்கு எதிர்பாராச் செலவு நிதியம் உண்டே என்பீர்கள். அது முன்னறிய முடியாத தேவைக்கு வகுக்கப்பட்டது. ஆண்டுதோறும் வரும் மாரியை முன்னறியாதது என்று திறைசேரிக்கு எடுத்துச் சொல்வது எளிதன்று!

இரண்டாவது முடிச்சு, பணம் அமைச்சுவாரியாக ஒதுக்கப்படுவது. சுற்றாடலுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம். கரையோரத்துக்கு 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டம். கடற்றொழிலுக்கு 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம். நீர்ப்பாசனமும் வனசீவராசிகளும் வேறு திணைக்களங்கள். மாமன்மார் ஐவர் இருந்தும் சடங்குச் செலவுக்கு ஒருவரும் முன்வராத வீட்டைப் போன்றது வாவியின் நிலை. ஈரநிலங்களுக்கென 2006 இல் தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டது. ஆயினும் கொள்கை சட்டமன்று, அது எவர் கணக்கிலும் பணம் வைப்பதில்லை. கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை மீட்டு நிரப்புவதற்கோ 1968 இலேயே 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஒரு சபை நிறுவப்பட்டது. சதுப்பை நிரப்பச் சட்டமும் சபையும் முந்தி வந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

மாகாண சபை இதனை ஏற்கலாகாதா? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம், பாராளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சுற்றாடற் பாதுகாப்பை மாகாணத்துக்கும் தந்தது. ஆனால் மாகாணத்தின் பணத்திற் பெரும்பகுதி, நிதி ஆணைக்குழுவின் சிபாரிசோடு மத்தியிலிருந்தே வருகிறது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலமும் 2017 இல் முடிந்தது.

ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தாமே முன்வந்து வாவிக்குப் பணம் கோரும் மசோதாவைக் கொண்டுவர இயலுமா? இயலாது. அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரைப்படி, பொதுப்பணத்தைச் செலவிடும் மசோதாவை அமைச்சரவையின் அங்கீகாரத்துடன் ஓர் அமைச்சரே சமர்ப்பிக்கவேண்டும். இவ்வெல்லையை நான் குறைகூறமாட்டேன். ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் ஊருக்குத் திறைசேரியைத் திறந்துவிட்டால் நாட்டின் கணக்கு நில்லாது.

எனினும் 149ஆம் உறுப்புரையில் ஒரு வாசல் இருக்கிறது. சட்டத்தால் குறித்ததொரு நோக்கத்துக்கு ஒதுக்கப்படாத பணமே திரட்டு நிதியத்தைச் சேரும் என்கிறது அது. அப்படியாயின், குறித்த நோக்கத்துக்கென்று தனி நிதியம் ஒன்றைச் சட்டத்தால் அமைக்கலாம். அமெரிக்காவில் 1934 முதல் நீர்ப்பறவை வேட்டையாடுவோர் ஒரு முத்திரை வாங்கவேண்டும். அந்தப் பணம் பறவைகளின் ஈரநிலங்களை வாங்கிக் காக்கச் செல்கிறது. அங்கே 1989 இல் இயற்றப்பட்ட ஈரநிலச் சட்டம், அரசு தரும் ஒவ்வொரு டொலருக்கும் குறைந்தது ஒரு டொலர் வெளியிலிருந்து வரவேண்டும் என்கிறது. 2020 இல் அதற்கு ஆண்டுக்கு 60 மில்லியன் டொலர் என உச்சவரம்பும் இடப்பட்டது. உச்சவரம்பு வாக்குறுதியன்று, அதற்குள் எவ்வளவு தருவது என்பதை ஆண்டுதோறும் காங்கிரசே முடிவு செய்கிறது. நமது வாவிக்கு அத்தகைய நிதியம் அமைந்தாலும், அதன் கணக்கு பாராளுமன்றத்தின் கண்ணுக்கு மறையாதிருத்தல் வேண்டும்.

அதுவரை உள்ள வழி மதிப்பீடுதான். திறைசேரி அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளை வழமையாக ஆண்டின் நடுப்பகுதியிலேயே கோருகிறது. மழை தொடங்கிய பின் எழுதும் மனு இரண்டு ஆண்டுக் கணக்குக்கும் பிந்திவிடும். நீர்மட்டம் அளப்பதற்கும் முகத்துவாரத்தைப் பேணுவதற்கும் ஆகும் தொகையை மீனவர் சங்கங்களும் கமக்கார அமைப்புகளும் ஒரே தாளில் எழுதி, ஆடி பிறக்குமுன் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் முன் வைக்கலாம்.